எட்டாத எட்டு

நூற்றிருபது பக்கம், பதினொரு முடிவு.
பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் படகில்
தர்ஷாவின் காலடியில் யாரோ விட்டுப்போன நீலப் பை.
திறந்து பார்ப்பதானால் பக்கம் 31.
போலீசில் கொடுப்பதானால் பக்கம் 46.
தொடாமல் இறங்கிப் போவதானால் பக்கம் 88
என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.
அச்சில் 38.

38-இல் என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுகிறேன்,
உங்களுக்குப் பதினெட்டு ரிங்கிட் மிச்சம்:
ஜெலுத்தோங் பிளாட், பன்னிரண்டாம் மாடி.
லிப்டின் கதவு திறக்கிறது.
உள்ளே லிப்ட் இல்லை.

பேராசைக்காரர்களுக்கென்று வெட்டிய குழி அது.
கழிப்பறையில் பூட்டிக்கொண்டு நோட்டு எண்ணுகிறவர்கள்
கூட்டாளியை ஏமாற்றிவிட்டு ஈப்போவுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள்
ஆறேழு பக்கம் சுற்றிவந்து விழவேண்டியது.
இப்போது நல்லவர்கள் விழுந்தார்கள்,
முதல் அடியிலேயே,
இஸ்திரி கலையாத சட்டையோடு.

கொம்தாருக்குப் பக்கத்து மண்டபத்தில் வெளியீடு.
ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்:
"பிறர் பொருளைத் தொடாதவளுக்குச் சாவு!
சாதாரண மர்மக்கதையில் இப்படியொரு துணிச்சலா!"
எந்தப் புத்தகத்தைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.
கைதட்டினார்கள்.
ஒரு கையில் கேசரித் தட்டு,
மறு கையால் பாதிக் கும்பிடு போட்டேன்.
வீட்டுக்குப் போய்த்தான் திறந்து பார்த்தேன்.

அச்சகத்து அருளப்பன்
"இருக்கட்டும் லா" என்றார்.
"இதனாலதான் விக்குது."

ஆறு மாதம் நானும் இருக்கட்டும் என்றிருந்தேன்.

புனிதமலர் கூப்பிட்டது ஒரு விடிகாலையில்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்,
பூதக்கண்ணாடிக்கடியில் சிப்புகளில் கீறல் தேடுகிற வேலை.
கம்பெனி பஸ்ஸில் எந்தப் புத்தகத்தையும்
பின்னாலிருந்துதான் படிப்பாளாம்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"அக்கா, எண்பத்தெட்டுக்கு யார் போறது?
எல்லாப் பக்கமும் பாத்துட்டேன். ஒரு வழியும் அங்க வரல."

88 சின்னது. ஒன்பது வரி.
ஜெட்டியில் இறங்குகிறாள். மழை.
கோப்பி ஓ வாங்குகிறாள்,
மூடி சரியாகப் பொருந்தாமல் விரலில் சுடுகிறது.
பையில் என்ன இருந்ததென்று அவளுக்குத் தெரியாது
(எனக்கும்தான்).
வேலைக்கு எட்டு நிமிடம் தாமதம்.
முற்றும்.

அட்டையில் பதினொன்று என்று போட்டுவிட்டோமே,
பத்துதான் இருக்கிறதே என்று
கடைசி நாள் எழுதிச் சேர்த்தது.

பிழை என்றேன். முதல்முறையாக ஓர் ஆளிடம்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் பஸ் பிரேக் போடும் சத்தம்.
"எங்க அண்ணி மூணு தடவ படிச்சாங்க.
மூணு தடவயும் பைய தொடல, மூணு தடவயும் செத்தாங்க.
நாலாவது தடவ
பைய எடுத்துட்டாங்க அக்கா."

பிறகு அவளே,
என்னைத் தேற்றுகிறவள்போல:
"மூணோட ரெண்டு வாயையும் மூடுனா எட்டு.
நான் என் புக்குல மூடிட்டேன்."

ஆயர் ஈத்தாமில், என் கட்டிலுக்கடியில்
விற்காத இருநூறு பிரதி.
கறுப்புப் பேனாவோடு தரையில் உட்கார்ந்தேன்.
நாற்பத்தாறு வரை மூடினேன்.
நாற்பத்தேழாவதில் விரல் வலித்தது என்பது பொய்.
அந்தக் கைதட்டல் காதில் விழுந்தது.
பேனாவை மூடினேன்.

காலையில் அருளப்பனின் பையன் வந்து
கைக்கு அகப்பட்டதில் நூறை அள்ளிக்கொண்டு போனான்,
மூடியது எது, மூடாதது எது பாராமல்.
லிட்டில் இந்தியாவில் இரண்டு கடையில் கிடைக்கிறது.

வாங்கினால்
பதினான்காம் பக்கத்தின் அடியில் பாருங்கள்.
மூன்று இன்னும் வாயைத் திறந்துகொண்டிருந்தால்,
உங்களிடம் பேனா இருக்கிறதா?